கீழ்முகச் சாம்பிள்

பிரேசர் டவுன், பெங்களூர்
9 ஜூன் 2025

ரஞ்சனிக்கா,

எத்தனையோ தடவை கூப்பிட்டுவிட்டேன், நீங்கள் எடுக்கவில்லை. வாட்ஸ்அப்பில் ஒரே ஒரு டிக் நிற்கிறது. பிளாக் செய்துவிட்டீர்களா, ஜெர்மனி நம்பரை மாற்றிவிட்டீர்களா, தெரியவில்லை. அதனால் மெயில். படித்தால் போதும், பதில் போடாவிட்டாலும் பரவாயில்லை. இல்லை, அப்படி இல்லை. பதில் போடுங்கள்.

ரூத்துக்குப் பத்து மாதம் ஆகிறது. அவளை அம்மாவிடம் விட்டுவிட்டுத் திரும்பவும் லேபுக்கு வருகிறேன். கையை முழங்கை வரை கழுவாமல் அவளைத் தூக்குவதில்லை. வீட்டில் சரவணன் சிரிக்கிறார். சிரிக்கட்டும், லேபில் என்னென்ன பாட்டில் இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது.

தீசிஸ் எழுத உட்கார்ந்தேன். அங்கேதான் வினை. வரிசையாகச் சொல்கிறேன், உங்களுக்கு எரிச்சல் வரலாம். அப்படிச் சொன்னால்தான் எனக்கே இது நடந்தது என்று நம்பிக்கை வருகிறது.

நம் பேப்பர் சொன்னது என்ன? பேரியம் டைட்டனேட் படலத்துக்குள் மின்னூட்டத்துக்கு ஒரு திசை உண்டு. வோல்டேஜ் கொடுத்து அதை மேல்முகமாகவோ கீழ்முகமாகவோ திருப்பி வைக்கலாம். மேல்முகம் என்றால் எலக்ட்ரான்கள் பரப்புக்கு வந்து மெல்லிய வாயு மாதிரி பரவும், கீழ்முகம் என்றால் விலகிவிடும். குழாயைத் திறந்து மூடுவது போல அந்த வாயுவைத் திறந்து மூடலாம் என்றோம். ராகவன் சார் இன்றைக்கும் வருகிறவர் போகிறவருக்கெல்லாம் அந்தப் படத்தைக் காட்டுகிறார்.

அளப்பதற்கு முன்னால் பரப்பைச் சுத்தம் செய்ய, ஆசிடுக்குப் பதில் வெற்றிடத்தில் சூடாக்கினோம். சூட்டில் திசை கலைந்துபோகும், ஆறியதும் பழையபடி வந்துவிடும் என்று நம்பினோம். ஏனென்றால் நீங்கள் கிளம்புவதற்கு முன்னால் இங்கே ஒரு மேல்முகச் சாம்பிளைச் சூடாக்கி ஆறவைத்துப் பார்த்தோம். மேல்முகமாகவே திரும்பி வந்தது. "இதுக்கு ஞாபகசக்தி இருக்குடி" என்று நீங்கள் கைதட்டினீர்கள். நானும் தட்டினேன்.

கீழ்முகச் சாம்பிளைச் சூடாக்கிப் பார்க்கவே இல்லை அக்கா. யாருமே பார்க்கவில்லை. தீசிஸில் அந்த இடத்துக்கு ஒரு படம் வேண்டும் என்று தேடினேன். அப்படி ஒரு படமே எடுக்கப்படவில்லை. சரி, அரை நாள் வேலைதானே என்று அதே தொகுதியில் மிஞ்சியிருந்த கீழ்முகத் துண்டு ஒன்றை எடுத்து, அதே சூட்டுக்குக் கொண்டுபோய் ஆறவைத்து, மைக்ராஸ்கோப்பில் வைத்தேன்.

மேல்முகம்.

அதற்கு ஞாபகசக்தி எல்லாம் ஒன்றும் இல்லை. ஆறும்போது அடியில் இருக்கும் அடுக்கு எந்தப் பக்கம் இழுக்கிறதோ அந்தப் பக்கம் படுத்துக்கொள்கிறது. அப்படியென்றால் நீங்கள் அங்கே கீழ்முகம் என்று அளந்ததும் மேல்முகம்தான். பிறகு இரண்டு படத்துக்கும் வித்தியாசம் எப்படி வந்தது?

இன்னொன்று. முனிராஜ் என்று ஒருவர் நீங்கள் போனபிறகு சேர்ந்தார். கே.ஜி.எஃப்., தங்கவயல் தமிழ்ப் பையன். நம் பேப்பரை நம்பி, அதை வைத்து ஒரு மெமரி ஸ்விட்ச் செய்வதுதான் அவருடைய முழு பிஎச்.டி.யும். ஒரு வருஷம் ஆகப்போகிறது, ஒரு தடவைகூட வரவில்லை. ஆகஸ்ட் கடைசியில் அவருக்கு ரிவ்யூ. இந்தத் தடவையும் கையில் ஒன்றும் இல்லையென்றால் வெளியே அனுப்பிவிடுவார்கள்.

என்ன செய்யலாம், சொல்லுங்கள்.

ஜோவிதா


21 ஜூன் 2025

ஜோவிதா,

உன்னை பிளாக் செய்யவில்லை. யாருடனும் பேசும் மனநிலையில் இல்லை, அவ்வளவுதான்.

ஒரே ஒரு சாம்பிளை வைத்து நாம் அன்று முடிவுக்கு வந்தோம் என்கிறாய். இன்று நீயும் ஒரே ஒரு சாம்பிளை வைத்துத்தானே முடிவுக்கு வருகிறாய்? அந்தத் துண்டு எத்தனை மாதமாகக் கிடந்தது, அதன் திசை தானாக மாறியிருக்கிறதா என்று சூடாக்குவதற்கு முன்னால் பார்த்தாயா? அந்த ஹீட்டர் காட்டும் வெப்பநிலையை நான் இருந்த காலத்திலேயே நம்ப முடியாது.

சொல்லாமல் விட்ட ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். ஆசிட் வேண்டாம் என்றது நீ. வயிற்றில் பிள்ளை இருக்கிறது, அந்த பாட்டில் இருக்கிற அறைக்குள்ளேயே வரமாட்டேன் என்றாய். நியாயம்தான். உன் இடத்தில் இருந்தால் நானும் அதையே சொல்லியிருப்பேன். ஆனால் சூடாக்கும் யோசனை அங்கிருந்துதான் பிறந்தது. பிறகு விமானம் ஏறக்கூடாது என்றார் உன் டாக்டர். இங்கே எக்ஸ்ரே நிலையத்தில் நமக்கு ஒதுக்கிய பீம் நேரத்தை, இரண்டு பேர் செய்யவேண்டியதை, நான் ஒருத்தி ஓட்டினேன். நாற்காலியில் உட்கார்ந்தபடியே தூங்கினேன், பிஸ்கட்டைத் தின்றேன். பேப்பர் வந்தபோது உன் பெயர் முதலில் இருந்தது. நான் வாயைத் திறக்கவில்லை.

இன்னும் சில சாம்பிள்களைப் பார். சூடாக்கும் முன்பும் பின்பும் பார். அதுவரை ராகவன் சாரிடம் எதுவும் சொல்லாதே.

ஸ்ரீரஞ்சனி


2 ஜூலை 2025

ரஞ்சனிக்கா,

ஆசிட் விஷயத்தை நீங்கள் சொல்லுவீர்கள் என்று எனக்குத் தெரியும். எப்போது சொல்லுவீர்கள் என்றுதான் தெரியாது. சொல்லிவிட்டீர்கள், நல்லது.

புதிதாக மூன்று துண்டு எடுத்தேன். சூடாக்கும் முன்னால் மூன்றும் சுத்தமான கீழ்முகம், படம் எடுத்து வைத்திருக்கிறேன். ஹீட்டருக்குப் புது சென்ஸார் போட்டேன். ஆறிய பிறகு மூன்றும் மேல்முகம். படங்களை இத்துடன் அனுப்புகிறேன். பார்க்காமல் இருக்காதீர்கள்.

போன வாரம் குரூப் மீட்டிங். முனிராஜ் எழுந்து நின்று, இந்த மாதமும் ஸ்விட்ச் வேலை செய்யவில்லை என்றார். அவர் சாம்பிளைச் சூடாக்குவதில்லை, ஓசோனில் சுத்தம் செய்கிறார். அதனால் அவர் வைத்த திசை வைத்தபடியே நிற்கிறது. எல்லாம் சரியாகச் செய்கிறார் அக்கா. சரியாகச் செய்வதால்தான் எலக்ட்ரான் வரவில்லை.

சார் கேட்டார்: "ஏனப்பா, பேப்பர்ல இருக்கறது உனக்கு மட்டும் எப்படி வராம போறது? ஜோவிதா கர்ப்பமா இருந்துண்டே செஞ்சா. நீ ஜம்முனு ரெண்டு கையோட இருக்கே."

"எங்க ஊரு சுரங்கத்துலயே தங்கம் தீர்ந்துபோச்சு சார்," என்றார் முனிராஜ். "என் கைக்கு மட்டும் எங்கேர்ந்து கிடைக்கும்?"

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். என் சத்தம் எனக்கே தனியாகக் கேட்டது.

மீட்டிங் முடிந்து கேன்டீனில் என் எதிரே வந்து உட்கார்ந்தார். "மேடம், நீங்க சாம்பிளைப் பிடிக்கறதை ஒரு நாள் பக்கத்துல நின்னு பாக்கட்டுமா? என் கை நடுங்குதோன்னு சந்தேகமா இருக்கு." அவருக்குக் கை நடுங்குவதில்லை. டீ டம்ளரைப் பிடித்திருந்த கையையே பார்த்துக்கொண்டிருந்தேன், ஒரு சொட்டு அசையவில்லை. "அப்புறம் பாக்கலாம்" என்றேன்.

சரவணனிடம் சொன்னேன். அவர் கம்ப்யூட்டர் ஆள். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். "அப்ப அந்தப் பையன்கிட்ட சொல்லிடு, முடிஞ்சுது" என்றார்.

"சொன்னா பேப்பரைத் திரும்ப வாங்கணும். என் தீசிஸ்ல பாதி போயிடும். இன்னும் ஒண்ணரை வருஷம் ஆகும். எனக்கு ஃபெலோஷிப் முடிஞ்சாச்சு."

அவர் ரூத்தின் சாக்ஸை மடித்துக்கொண்டே இருந்தார். அவர் ஆபீசில் ஆட்களைக் குறைக்கிறார்கள். "ரஞ்சனி என்ன சொல்றாங்கன்னு பாரு. அவசரப்படாதே" என்றார்.

அவர் அப்படிச் சொல்லியிருக்கவே கூடாது என்று ஒரு கோபம் வந்தது. அதைவிட அதிகமாக ஒரு நிம்மதியும் வந்தது. அதை உங்களிடம் தவிர வேறு யாரிடம் சொல்ல?

ஜோவிதா


10 ஜூலை 2025

ஜோ,

படங்களைப் பார்த்தேன். மூன்றும் மேல்முகம் என்றால் வாதாட ஒன்றுமில்லை.

வித்தியாசம் எப்படி வந்தது என்று கேட்டாய். பீம். எக்ஸ்ரே பட்டுக்கொண்டே இருந்தால் பரப்பிலிருந்து ஆக்சிஜன் கழன்று போகும், அது விட்டுப்போன எலக்ட்ரான்கள் அங்கேயே தங்கிவிடும். முகம் எந்தப் பக்கம் இருந்தாலும் வாயு வளரும். ஒரு மணி நேரத்தில் மெல்லத் தெரிய ஆரம்பிக்கும். மூன்று மணி நேரத்தில் நம் பேப்பரில் இருக்கும் படம் அச்சு அசலாக வந்துவிடும். கீழ்முகம் என்று எழுதியிருந்த சாம்பிள்களில் எதுவும் தெரியவில்லை, தெரியக்கூடாது என்றுதானே எதிர்பார்த்தோம், அதனால் சீக்கிரம் எடுத்துவிட்டேன். மேல்முகத்தில் அழகாக வந்தது. அழகாக வருகிறதே என்று பீமுக்கு அடியிலேயே விட்டு வைத்தேன். நாம் எதிர்பார்த்ததை நாமே வளர்த்துவிட்டோம்.

இப்போது நான் கேட்பதைக் கவனமாகப் படி. என் ஒப்பந்தத்தை நீட்டிக்கும் கமிட்டி செப்டம்பர் நான்காம் தேதி கூடுகிறது. அவர்கள் கையில் இருப்பது இந்த ஒரு பேப்பர்தான். வேலை போனால் விசா போகும். மல்லேஸ்வரத்தில் அண்ணா வீட்டு மாடி அறைக்கு நாற்பது வயதில் பெட்டியோடு திரும்பி வருவேன். நீட்டித்துவிட்டார்கள் என்றால் மறுநாளே, பேப்பரைத் திரும்பப் பெறச் சொல்லி, அதை வெளியிட்ட பத்திரிகைக்கு நானே எழுதுகிறேன். முதல் கையெழுத்து என்னுடையது.

அந்தப் பையனுக்கு வேறு தலைப்பு தரச் சொல்லி சாரிடம் பேசு. காரணம் சொல்லாதே.

ரஞ்சனி


14 ஜூலை 2025

ரஞ்சனிக்கா,

ஒரு மணி நேரத்தில் தெரிய ஆரம்பிக்கும், மூன்று மணி நேரத்தில் அச்சு அசலாக வரும் என்று எழுதியிருக்கிறீர்கள். இது யோசித்து எழுதியது இல்லை, அளந்து பார்த்து எழுதியது. நான் முதல் மெயில் போட்டு ஐந்து வாரம்தான் ஆகிறது, இதற்குள் உங்களுக்கு பீம் நேரம் கிடைத்திருக்காது. எப்போது அளந்தீர்கள்?

சாரிடம் பேசினேன். "பேப்பர் போட்டவளே தலைப்பை மாத்துன்னு வந்து நின்னா என்னம்மா அர்த்தம்? குழந்தை பொறந்தப்புறம் உனக்கு எல்லாரையும் பார்த்தா பாவமா இருக்கு" என்றார். நான் வாயை மூடிக்கொண்டு வந்துவிட்டேன்.

ரிவ்யூ ஆகஸ்ட் இருபத்தைந்து. உங்கள் கமிட்டி செப்டம்பர் நாலு. நடுவில் இருப்பது பத்தே நாள். கமிட்டியை முன்னால் தள்ளச் சொல்லிக் கேளுங்கள். முடியவில்லையென்றால் ரிவ்யூவுக்கு முந்தைய வாரம் நான் முனிராஜிடம் சொல்லிவிடுவேன். அதுவரைக்கும் காத்திருக்கிறேன். உங்களுக்காக மட்டும் இல்லை, எனக்காகவும்தான். அதில் பெருமைப்பட எதுவும் இல்லை.

ஜோவிதா


16 ஜூலை 2025

மார்ச்சில்.

அதைப் பற்றி இனிமேல் கேட்காதே. கமிட்டித் தேதியை மாற்ற முடியாது என்று சொல்லிவிட்டார்கள்.

ரஞ்சனி


27 ஆகஸ்ட் 2025

ரஞ்சனிக்கா,

எழுத இத்தனை நாளாகிவிட்டது. ரூத்துக்கு டெங்கு. வெறும் காய்ச்சல் என்றுதான் நினைத்தோம். மூன்றாம் நாள் ஈறிலிருந்து ரத்தம் கசிந்தது, பால் குடித்த வாய் சிவப்பாக இருந்தது. ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது ப்ளேட்லெட் பாதாளத்துக்குப் போயிருந்தது. உடனே ஏற்றவேண்டும், ஆள் கொண்டுவாருங்கள் என்றார்கள். ஊர் முழுக்க டெங்கு, ரத்த வங்கியில் ஒன்றும் இல்லை. சரவணன் அவருடைய ஆபீஸ் குரூப்பில் போட்டார், நான் லேப் குரூப்பில் போட்டேன்.

முதலில் வந்தது முனிராஜ். ரிவ்யூவுக்கு முந்தைய நாள். மழையில் முழுக்க நனைந்து, ஹெல்மெட்டைக் கையில் பிடித்துக்கொண்டு, "மேடம், என்னோடது அதே குரூப்தான், எங்க படுக்கணும்?" என்றார்.

உங்களுக்கு அந்த மெஷின் தெரிந்திருக்காது. கையிலிருந்து ரத்தத்தை இழுத்து, ப்ளேட்லெட்டை மட்டும் பிரித்து எடுத்துக்கொண்டு, மிச்சத்தைத் திரும்ப ஏற்றிவிடும். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். ரூத் பக்கத்தில் அம்மாவை உட்கார வைத்துவிட்டு நான் அவருடன் இருந்தேன், தனியாக விடக்கூடாது என்று.

"வேண்டியதை மட்டும் எடுத்துக்கிட்டு மிச்சத்தைத் திருப்பிக் குடுத்துடுது பாருங்க மேடம்," என்றார். "நம்ம சார் மாதிரி இல்ல."

நர்ஸம்மாவே சிரித்துவிட்டார்.

"நாளைக்கு ரிவ்யூவை வெச்சுக்கிட்டு ஏன் வந்தீங்க?" என்று கேட்டேன்.

"அங்க உக்காந்து என்ன பண்ணப்போறேன்? வராத டேட்டாவை எத்தனை தடவை பாக்கறது?" பிறகு கூரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "எங்கப்பா கேட்டாரு மேடம், அங்க எல்லாருக்கும் வருது, உனக்கு மட்டும் ஏன்டா வரலைன்னு. அதுக்கு மட்டும் எனக்குப் பதில் தெரியல."

அக்கா, பதில் என் வாயில் இருந்தது. போன வாரமே சொல்வதாக இருந்தேன். போன வாரம்தான் காய்ச்சல் ஆரம்பித்தது, அதைச் சாக்காக வைத்துக்கொள்ளலாம். ஆனால் அன்றைக்கு அந்த நாற்காலியில் எனக்கு எந்தச் சாக்கும் இல்லை. சொன்னால் கோபத்தில் ஊசியைப் பிடுங்கிவிட்டு எழுந்து போய்விடுவாரோ என்று பயந்தேன். அதுதான் உண்மை. முதலில் அது முடியட்டும், என் பெண்ணுக்கு ஏறட்டும், பிறகு சொல்கிறேன் என்று அந்தப் பை நிறைவதையே பார்த்துக்கொண்டிருந்தேன். முடிந்ததும் கையில் பஞ்சை வைத்து மடக்கிக்கொண்டு, ஒரு ஃப்ரூட்டி குடித்துவிட்டு, ரிவ்யூவுக்கு ஸ்லைடு போடவேண்டும் என்று போய்விட்டார். லிஃப்ட் வரை கூடவே போனேன். சொல்லவில்லை.

ரூத்துக்கு ஏற்றினார்கள். ரத்தம் நின்றுவிட்டது.

மறுநாள் ரிவ்யூவில் முனிராஜை நிறுத்திவிட்டார்கள். "சோதனைத் திறன் போதாது" என்று எழுதினார்களாம். லேப் குரூப்பில் அவரே போட்டார், கூடவே ஒரு சிரிக்கிற பொம்மை. பிறகு குரூப்பை விட்டு வெளியேறிவிட்டார்.

பத்திரிகைக்கு எழுதிவிட்டேன், இன்னும் அனுப்பவில்லை. உங்கள் பெயரும் சேர்ந்து போவதுதான் முறை என்று காத்திருக்கிறேன். நான் எழுதியதை இத்துடன் வைத்திருக்கிறேன். சரி என்று ஒரு வார்த்தை போடுங்கள்.

ஜோவிதா


29 ஆகஸ்ட் 2025

ஜோ,

ரூத் தேறிவிட்டாள் என்று படித்தபோது உட்கார்ந்து அழுதேன். நீ நம்பமாட்டாய்.

நீ எழுதியதைப் படித்தேன். ஒரு எழுத்துகூட மாற்ற வேண்டாம். ஆனால் கமிட்டிக்கு ஆறே நாள்தான் இருக்கிறது. அந்தப் பையன் போய்விட்டான். இன்றைக்கு அனுப்பினாலும் ஐந்தாம் தேதி அனுப்பினாலும் அவனுக்கு ஒன்றுதான். எனக்கு ஒன்று இல்லை. கொஞ்சம் நிதானமாக யோசி, உனக்கே புரியும்.

ஆறு நாள். இதற்கு மேல் உன்னிடம் நான் எதுவும் கேட்கப்போவதில்லை.

ரஞ்சனி


1 செப்டம்பர் 2025

ரஞ்சனிக்கா,

நேற்று அனுப்பிவிட்டேன். உங்கள் பெயரைச் சேர்க்கவில்லை. மார்ச்சைப் பற்றி எதுவும் எழுதவில்லை, யார் கேட்டாலும் சொல்லமாட்டேன். நீங்கள் கணக்குப் போட்டது சரியாகத்தான் இருந்தது. படித்ததும் எனக்குப் புரிந்தது. அவ்வளவு சுலபமாக எனக்குப் புரிகிறதே என்றுதான் பயம் வந்தது. இன்னொரு ஆறு நாளுக்கும் இதே மாதிரி ஒரு காரணம் எனக்குக் கிடைத்துவிடும்.

காலையில் ராகவன் சாரைப் பார்த்தேன். கதவைச் சாத்தச் சொன்னார். எல்லாவற்றையும் சொன்னேன். முனிராஜைத் திரும்பச் சேர்த்துக்கொள்ளுங்கள் சார் என்றேன். "கமிட்டி அவனோட மொத்தத் திறமையைப் பார்த்துதான் முடிவு பண்ணித்து. அது வேற, இது வேற" என்றார். என் தீசிஸ் பற்றிப் பிறகு பேசலாமாம். எப்போது என்று சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

முனிராஜ் ஹாஸ்டலைக் காலி செய்துவிட்டு ஸ்ரீராம்புரத்தில் அவர் சித்தி வீட்டில் இருக்கிறார். சரவணன் வண்டியில் கூட்டிப்போனார். சந்துக்குள் வண்டி போகவில்லை, முனையிலேயே நின்றுகொண்டார். நான் மட்டும் உள்ளே நடந்தேன். முனிராஜ் வாசலில் குடத்தில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் குழாயை மூடிவிட்டு, பாப்பாவுக்கு மறுபடியும் ஏதாவது ஆகிவிட்டதோ என்று பயந்துபோய்க் கேட்டார். இல்லை என்றேன்.

நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன்.

"அப்போ என் சாம்பிளெல்லாம்?"

"எல்லாம் சரியாத்தான் இருந்துது. வராததுதான் சரி. பேப்பர்தான் தப்பு."

தலையை ஆட்டினார். ஒரு நிமிஷம் அவர் முகத்தில் வெளிச்சம் மாதிரி ஏதோ வந்தது அக்கா, ரிசல்ட் வந்தால் நமக்கெல்லாம் வருமே, அது. அப்புறம் கேட்டார்.

"இது எப்போ தெரிஞ்சுது மேடம் உங்களுக்கு?"

பொய் சொல்ல இரண்டு வார்த்தை தயாராக இருந்தது. "ஜூன்ல" என்றேன்.

அவர் மனசுக்குள் மாதங்களை எண்ணுவது தெரிந்தது. சந்தில் ஒரு ஸ்கூட்டர் ஹாரன் அடித்துக்கொண்டே வந்தது, இரண்டு பேரும் சுவரோரமாக ஒதுங்கினோம். அது போன பிறகு, கோபமே இல்லாமல், ஏதோ மறந்துபோன ஒன்றை எனக்கு ஞாபகப்படுத்துகிற மாதிரி சொன்னார்.

"ஆஸ்பத்திரியில ஒரு மணி நேரத்துக்கு மேல படுத்திருந்தேனே மேடம். நீங்க பக்கத்துலதானே உக்காந்திருந்தீங்க."

குழாயைத் திறந்துவிட்டுக் குடத்தின் மேல் குனிந்துகொண்டார். குடம் நிறையும் வரை நின்றேன். அவர் நிமிரவில்லை. நான் வந்துவிட்டேன்.

ஜோவிதா